பெங்குவினுக்கு எது இடப்பக்கம்?

கோத்தகிரி பக்கம், எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் ஆறு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். எல்லாரும் மூன்றாவது, நான்காவது படிப்பவர்கள். இருப்பது ஒரே லேப்டாப், அண்ணன் மகனுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. அதில் ஒரு வருஷமாக ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்புதான் ஓடுகிறது.

2000-இல் பிரான்சில் ஒருவர் தொடங்கியது, இப்போது கேடிஈ என்ற இலவச மென்பொருள் குழுவினர் கையில் இருக்கிறது. 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கானது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. குரல் கோப்புகளையும் சேர்த்து ஒருதடவை இறக்கிவிட்டால் அப்புறம் நெட் வேண்டாம். முன்பு சந்தா கட்டி ஒரு ஆப் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் சிக்னல் போனால் அதுவும் போய்விடும், பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

முதலில் மவுஸ் பழக்கம். கட்டங்களின் மேல் மவுஸை நகர்த்தினால் அவை அழிந்து, அடியிலிருக்கும் விலங்குப் படம் தெரியும். அடுத்ததில் கிளிக், அதற்கடுத்ததில் டபுள் கிளிக். செல்போனில் விரலால் தள்ளிப் பழகியவர்களுக்கு இது லேசில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு மவுஸ் மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது, அம்புக்குறி திரை நடுவிலேயே நிற்கிறது. அவள் மவுஸை மேஜைக்கு வெளியே, காற்றில் நீட்டினாள். தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் அதுவரை சொல்லித் தரவில்லை. சொன்னதும் நான்கு படங்களை ஒரே மூச்சில் திறந்துவிட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்தது நிரல் எழுதும் விளையாட்டு. டக்ஸ் என்ற பெங்குவினை மீனிடம் கொண்டுபோக, முன்னே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஓடவிட வேண்டும். தப்பினால் திருத்தி மறுபடி ஓடவிடலாம். நிரல் என்றால் என்ன என்று நான் வாயால் விளக்கியிருந்தால் இத்தனை தெளிவாகப் புரிந்திருக்காது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருப்பதால் பிள்ளைகள் ஒன்றைத் திறந்து பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவார்கள். எத்தனை கடினம் என்பதை நட்சத்திரங்களால் காட்டியிருக்கும்; அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அந்த நட்சத்திர அளவைக் குறைத்து வைத்துவிடுங்கள், கடினமானவை மறைந்து பட்டியல் சுருங்கும்.

அந்தப் பெங்குவின் நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். இங்கேதான் எல்லாரும் தடுமாறினார்கள். போன வாரம் ஒரு பையன் எழுந்து, லேப்டாப்புக்கு முதுகைக் காட்டி நின்றான். தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தபடி கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுதான் அதுக்கு லெஃப்ட்" என்றான்.