ரிலே மாட்டியாச்சுன்னு நம்பிடாதீங்க, பேனலைத் திறந்து பாருங்க

மோட்டார் பேனல் (ஸ்டார்ட்டர் பெட்டி) வேலைக்கு ஆள் கூப்பிடுறவங்க இதைக் கொஞ்சம் படிச்சுடுங்க. எனக்கு ஒரு மோட்டார் போச்சு, வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

7.5 எச்பி, 3 பேஸ் மோட்டார். ஏற்கெனவே ஒரு தடவை மோட்டார் காயில் போனதால இந்தத் தடவை வோல்டேஜ் மானிட்டரிங் ரிலே (சப்ளைல கோளாறு வந்தா மோட்டாரை நிறுத்த வைக்கிற கருவி) போட்டே ஆகணும்னு ஒருத்தரை வெச்சு மாட்டினேன். லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ், பேஸ் கட் ஆகுறது, பேஸ் மாறி வர்றது, மூணு பேஸுக்கும் நடுவுல ஏத்த இறக்கம், எல்லாத்தையும் பாக்குற மாடல். பொருள் ஒரிஜினல்தான், அதுல குறை சொல்ல மாட்டேன்.

மாட்டின நாள்லேர்ந்து தினமும் ரெண்டு மூணு தடவை ட்ரிப் ஆகி மோட்டார் நின்னுடும். திரும்பக் கூப்பிட்டேன், வந்தார், பேனலைத் திறந்து பத்து நிமிஷம் என்னமோ பண்ணார், "செட்டிங் மாத்திட்டேன் சார், இனிமே ட்ரிப்பே ஆகாது"ன்னார், அதுக்குத் தனியா காசும் வாங்கிட்டுப் போனார். நிஜமாவே ட்ரிப் ஆகல. நானும் நிம்மதியா இருந்துட்டேன், அதுதான் தப்பு.

மூணாவது வாரம் மோட்டார் சத்தம் மாறுதேன்னு ஓடிப் போய்ப் பாத்தா ரிலேல சிவப்பு லைட் எரியுது, மோட்டார் பாட்டுக்கு உறுமிக்கிட்டு ஓடுது. ஆஃப் பண்றதுக்குள்ள புகை வந்துடுச்சு.

வைண்டிங் கட்டுறவர் கழட்டிப் பாத்ததுமே சொல்லிட்டார். டெல்டா கனெக்‌ஷன்ல ஒரு பேஸ் காயில் மட்டும் கரியா இருக்கு, மத்த ரெண்டும் புதுசு மாதிரி இருக்கு, இது சிங்கிள் பேஸிங்தான், அதாவது ஒரு பேஸ் போயும் மோட்டார் ஓடியிருக்கு, உங்க ரிலே என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு கேட்டார். (காயில்களை ஸ்டார்ங்கிற இன்னொரு முறையில இணைச்ச மோட்டாரா இருந்தா ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு தப்பிக்குமாம்.)

அப்புறம்தான் வேற எலக்ட்ரீஷியனை வெச்சு பேனலைப் பிரிச்சேன். ரிலே தானா மெயின் சப்ளையை கட் பண்ணாது, அதுல இருக்கிற சின்ன காண்டாக்ட் (சுவிட்ச் மாதிரி) வழியாத்தான் காண்டாக்டர், அதாவது மோட்டாருக்கு சப்ளையைப் போட்டு நிறுத்துற பெரிய சுவிட்ச், அதோட காயிலுக்கு சப்ளை போகணும், ரிலே விட்டா காயில் விடும், மோட்டார் நிக்கும். அந்த காண்டாக்டோட ரெண்டு முனை, எங்க மாடல்ல 15, 18, அது ரெண்டையும் ஒரு துண்டு ஒயர் போட்டு டைரக்ட் பண்ணி வெச்சிருக்கார், அதுவும் ஒயர் டக்ட்டுக்குள்ள மறைச்சு. ரிலே கத்தினாலும் கேக்க ஆள் இல்ல.

அதோட விடல. நேம் பிளேட்ல 11 ஆம்பியர்னு இருக்கிற மோட்டாருக்கு ஓவர்லோடை (ஆம்பியர் அதிகமா இழுத்தா மோட்டாரை நிறுத்துற இன்னொரு ரிலே) 16ல திருப்பி வெச்சிருக்கார். எங்க மோட்டார் வழக்கமா 9 ஆம்பியர் கிட்டத்தான் எடுக்கும், ஒரு பேஸ் போனா மிச்சம் இருக்கிற ரெண்டுலயும் கிட்டத்தட்ட 1.73 மடங்கு ஏறும், அப்பவும் 16ஐத் தாண்டாது, அப்புறம் அது எப்படி ட்ரிப் ஆகும்? காண்டாக்டர் காயிலுக்குப் போற பேஸும் உயிரோட இருந்ததால காண்டாக்டரும் விடல.

அவருக்கு போன் பண்ணா "வோல்டேஜ் ஏறி இறங்குது சார், நான் என்ன பண்ண முடியும்"னார். போட்டோ அனுப்பினேன். அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

வேலை முடிஞ்சதும் அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே, மெயின் ஆஃப் பண்ணிட்டு ரிலேக்கு முன்னாடி இருக்கிற ஒரு ஃபியூஸைக் கழட்டச் சொல்லுங்க, திரும்ப ஆன் பண்ணி ஸ்டார்ட் அமுக்கினா காண்டாக்டர் இழுக்கவே கூடாது. இதே மாதிரி மூணு பேஸையும் ஒவ்வொண்ணா பாக்கணும், விவரம் தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான், நீங்களா கைய வைக்காதீங்க. வாங்கும்போதும் ஒண்ணு கேளுங்க, வெறும் லோ வோல்டேஜ் மட்டும் பாக்குற ரிலேவா, ஏத்த இறக்கமும் பாக்குமான்னு. ஏன்னா ஓடிட்டிருக்கிற மோட்டார் போன பேஸ்லயும் தானே ஓரளவு வோல்டேஜ் உண்டாக்கும், சாதா ரிலே அதைப் பாத்து எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்கும். பேனல் உள்பக்கத்தை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அவங்க அடுத்த தடவை கைய வெச்சுட்டுப் போனா ஒப்பிட்டுப் பாக்கலாம்.

முதல்ல ஏன் ட்ரிப் ஆச்சுன்னும் புது ஆள்தான் கண்டுபிடிச்சார். பேனலுக்கு சப்ளை உள்ள வர்ற இடத்துல (இன்கமர்) ஒரு ஃபியூஸ் ஹோல்டரோட கிளிப் லூஸாகி, சூடேறி, கருத்துப் போயிருந்துச்சு. அதை மாத்திட்டு அந்தத் துண்டு ஒயரையும் பிடுங்கிட்டு, அதே ரிலேவைத்தான் திரும்ப மாட்டியிருக்கோம். இன்னி வரைக்கும் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகல.