பெரியம்மாவின் ரேகையும் அப்பாவின் கைபேசி எண்ணும்

சிங்கப்பூரிலிருந்து இம்முறை குடியாத்தம் பக்கமுள்ள எங்கள் ஊருக்குப் போனது, அப்பா காலமான பிறகு முடிக்க வேண்டியிருந்த வேலைகளுக்காக: வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம். தாத்தா காலமானபோது இதே வேலைகளுக்கு அப்பா தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் தொடங்கி, உள்ளே யார் யாரையோ பார்த்து, பல நாள் கூலியை இழந்தார். இப்போது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் வாரிசுச் சான்றிதழுக்கான மனு பதிவாகிவிடுகிறது. அது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறதா, வருவாய் ஆய்வாளரிடமா, வட்டாட்சியரிடமா என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. 1989-இல் வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019-இல், எங்கள் ஊர் அடங்கிய வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். அந்த இரண்டு பிரிவினைகளையும்விட இந்த மையங்களே அரசு அலுவலகத்தை எங்கள் ஊருக்கு அருகில் கொண்டுவந்திருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைவீதியிலும் வசதிக்குக் குறைவில்லை. 2016-இல் வந்த யுபிஐ, 2023 முதல் சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் கைபேசி எண்களுக்கும் திறந்துவிடப்பட்டதால், வெளிநாடு வாழ் இந்தியருக்கான என் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்தே முள்ளுக் கத்தரிக்காய் விற்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடிந்தது.

சிக்கல் குடும்ப அட்டையில் தொடங்கியது. பெயர் நீக்க வேண்டுமானால், அட்டையில் பதிவான எண்ணுக்கு வரும் ஓடிபி-யைக் கொடுத்து இணையதளத்தில் நுழைய வேண்டும். பதிவாகியிருந்தது அப்பாவின் எண். இறந்தவரின் பெயரை நீக்க, இறந்தவரின் கைபேசிக்கே ஓடிபி போகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த எண்ணும் வேறொருவருக்குப் போய்விட்டது. அழைத்துப் பார்த்தபோது ஆம்பூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் எடுத்தார். எங்கள் நிலைமையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடிபி-ய யாருக்கும் சொல்லக் கூடாதுன்றாங்களே, தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா" என்று மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். கடைசியில் இறப்புச் சான்றிதழோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் அம்மாவின் முகத்தையும் காகிதங்களையும் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, வேலையை முடித்துக் கொடுத்தார்.

பெரியம்மாவின் கதை இதைவிட வருத்தமானது. குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் பல வீடுகளின் அடுப்பு பீடி சுற்றித்தான் எரிந்தது. மடியில் முறம், ஊறவைத்த இலை, கத்தரி, தூள், நூல் என்று பெரியம்மா வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து சுற்றினார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. இலையை உருட்டி உருட்டி, முனையை மடித்து மடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டன. 2020 முதல் ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைத்தால்தான் பொருள் என்றானது. நான் உடன் போன அன்று விற்பனையாளர், "ரேகை விழல ஆயா, கைய நல்லா தொடச்சிட்டு வைங்க" என்றார். பெரியம்மா முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். விரலை மாற்றி வைத்தார். எண்ணெய் தடவியும் வைத்தார். இயந்திரம் ஒவ்வொரு முறையும் மறுத்தது. சில கடைகளுக்கு வந்துவிட்ட கருவிழிக் கருவி எங்கள் கடைக்கு இன்னும் வரவில்லை. விற்பனையாளர் சின்ன வயதிலிருந்தே பெரியம்மாவை அறிந்தவர். அப்படியிருந்தும், "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

என் கோபம் அந்தக் கருவியின் மீதல்ல. போலி அட்டைகளைத் தடுக்க ஏதோ ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் உழைத்துத் தேய்ந்த விரல் உள்ளவர்களையும் சொந்தமாகக் கைபேசி எண் இல்லாத பெண்களையும் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட எங்கள் வட்டாரத்தில் வழியே இல்லை. அவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் முதியவர்கள், அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளமான சிங்பாஸ் முன் திணறத்தான் செய்தார்கள். 2020-இல் அங்கே டிஜிட்டல் தூதர்கள் என்ற பெயரில் ஆட்களை அமர்த்தி, முதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வைத்தார்கள். நம் ஊரில் இந்தப் பணியை இ-சேவை மையத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது அதிகாரம். கருவி மறுத்தால், "இவரை எனக்குத் தெரியும், கொடுங்கள்" என்று கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் ஓர் ஆள் ஒவ்வொரு கடையிலும் மையத்திலும் இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்கள் பெற்றோரின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று முதல் வேலையாகப் பாருங்கள். இருவருக்கும் ஒரே எண் என்றால், அம்மாவின் பெயரில் தனி சிம் வாங்கி, ஆதார் சேர்க்கை மையத்துக்கு அவரை நேரில் அழைத்துப்போய் எண்ணை மாற்றுங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கு அதையும் அங்கேயே புதுப்பிக்கலாம். பெரியம்மாபோல் தனியாக இருப்பவர்களுக்கு, அவர் சார்பில் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று தரும் முறையும் இருக்கிறது. கடையில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.