கம்புள் எது: நாமக்கோழியா, கானாங்கோழியா?

ஐங்குறுநூற்றின் 85ஆம் பாடலை ஓரம்போகியார் ‘வெண்ணுதற் கம்புள் அரிக்குரற் பேடை’ என்று தொடங்குகிறார். நெற்றி வெள்ளை, குரல் கரகரப்பு; அடுத்த அடியில் ‘தண்ணறும் பழனத்துக் கிளையோடு ஆலும்’ என்று வாழிடமும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றன. இன்று ஏரிக்கரையில் நிற்கும் பறவை நோக்கர் தம் குறிப்பேட்டில் எழுதுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆயினும் இந்தக் கம்புள் எந்தப் பறவை என்று கேட்டால், நம் நீர்நிலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் இரண்டு கோழிகள் அந்தப் பெயருக்கு உரிமை கோருகின்றன.

நெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நாமக்கோழியே முந்துகிறது. உடல் முழுவதும் கரிய நிறமாக இருக்க, அலகும் அதிலிருந்து நெற்றிமேல் ஏறும் கேடயமும் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதால், நடு ஏரியில் மிதக்கும்போதுகூட அது நாமம் இட்டதுபோல் தெரியும். ஊரார் வைத்த பெயரும் அந்த நெற்றியைத்தான் சுட்டுகிறது. நாமக்கோழியை ஒத்த இன்னொரு நீர்க்கோழியான தாழைக்கோழிக்கு அதே இடத்தில் கேடயம் சிவப்பாகவும் அலகின் நுனி மஞ்சளாகவும் இருப்பதால், அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

கானாங்கோழியின் முதுகு கருஞ்சாம்பல். வெள்ளையோ நெற்றியில் தொடங்கி முகம், கழுத்து, மார்பு என்று வயிறுவரை இறங்குகிறது. வாலடியில் செம்பழுப்பு நிறம் உண்டு. நடக்கும்போது வாலைச் சொடுக்கிச் சொடுக்கி அதைக் காட்டிக்கொண்டே போகும். இவ்வளவு வெள்ளை இருக்கப் புலவர் நெற்றியை மட்டும் ஏன் சொன்னார் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வரப்போரக் கோரைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, ஆள் அரவம் உண்டா என்று பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் கானாங்கோழியை ஒருமுறை கண்டவருக்கு அந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றாது. பச்சைக்கு நடுவே முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளை முகம்தான்.

வழக்கைத் தீர்ப்பது குரல் என்று நான் கருதுகிறேன். நாமக்கோழி ‘கவ்’ என்று குறுகிய ஒலியை வெட்டி வெட்டி எழுப்பும். அதில் இழுவையோ அரைபடும் ஓசையோ இல்லை. கானாங்கோழியோ மழைக்காலத்து அந்தியில், தொண்டைக்குள் எதையோ அரைப்பது போன்ற ‘குர்ர்’ ஒலியோடு தொடங்கி, ‘குவாக், குவாக்’ என்று பல நிமிடங்கள் ஓயாமல் கத்தும். இரவிலும் விடியலிலும் அதே கூச்சல் எழும். ஒன்று தொடங்கியதும் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ள, எத்தனை பறவைகள் கத்துகின்றன என்று எண்ணவே முடியாது. வறண்ட மாதங்களில் அதே இடம் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். ‘ஆலும்’ என்ற சொல்லுக்கு ஒலித்தல் என்ற பொருளும் இருப்பதால், அரிக்குரலும் கிளையோடு ஆலுதலும் இந்தக் கச்சேரிக்கு அப்படியே பொருந்துகின்றன. பேடை என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாது. இரண்டு இனங்களிலும் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் கொண்டவை.

வாழிடமும் கானாங்கோழிக்கே ஆதரவாக நிற்கிறது. நாமக்கோழி திறந்த நீர்ப்பரப்பை நாடுவது. விரல்களின் ஓரத்தில் மடல்கள் விரிந்த அதன் பாதம் நீந்துவதற்கென்றே அமைந்தது, வானில் எழவும் அது நீர்மேல் நெடுந்தூரம் ஓடியாக வேண்டும். பழனம் என்னும் நீர் தேங்கிய வயலில், நீண்ட விரல்களை ஊன்றிச் சேற்றிலும் வரப்பிலும் ஓடியாடுவது கானாங்கோழிதான்.

ஆகவே ஓரம்போகியார் கேட்டது கானாங்கோழியையே என்பது என் முடிவு. மதுரைக்காஞ்சியில் வரும் கம்புளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே மீன் பிடிப்போர் வள்ளைக்கொடியை விலக்கும்போது கம்புட்சேவலின் இனிய துயில் கலைகிறது. நீர்ச்செடிகளுக்கிடையே நாமக்கோழியும் தங்கும், கூடும் கட்டும். அந்த அடியில் குரலும் இல்லை, நிறமும் இல்லை.