கீமோ குமட்டலுக்கு ஊசியா, விரலா?

போன வருஷம் அம்மாவுக்கு மும்பை பரேலில் கீமோ நடந்தது. மார்பகப் புற்று. 21 நாளைக்கு ஒன்றாக நான்கு முறை அந்தச் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், கூடவே சைக்ளோபாஸ்பமைடு. ரொம்பவே குமட்டும் ஜோடி அது. வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் டாக்டர் எழுதியபடி கொடுத்தோம். அவற்றுக்கு மாற்றாக எதையும் இங்கே சொல்லவில்லை. வாந்தி நின்றது, குமட்டல் நிற்கவில்லை. அதற்காகத்தான் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அக்குபங்சர் பக்கம் போனோம்.

ஊசி, மணிக்கட்டுப் பட்டை, விரலால் அழுத்துவது என்று மூன்று வழி. மூன்றுக்கும் இடம் ஒன்றுதான்: பி6 என்ற புள்ளி. உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது.

புள்ளியை அழுத்தும் சின்னக் குண்டு வைத்த அந்தப் பட்டையை அம்மா ஒரு நாள்தான் போட்டார். குண்டு அழுந்திச் சிவந்த வட்டம் சாயங்காலம் வரை மறையவில்லை, கழற்றிவிட்டார்.

ஊசிக்கு மாட்டுங்காவில் நல்ல பெண்மணி ஒருவர் கிடைத்தார். மயிரிழை போன்ற ஊசி, அரை மணி நேரம், சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. படுத்திருந்த நேரம் அம்மாவின் முகம் தெளிந்ததை நானே பார்த்தேன். ஆனால் எங்கள் வீடு செம்பூரில். மழை, சயான் பக்கம் வண்டி நகரவில்லை. திரும்பி வந்ததும் அம்மா, "ஊசி வலிக்கலடி, டாக்ஸிதான் வயித்தைப் புரட்டிடுச்சு" என்றார்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதுதான். கீமோ ஏறிய அன்று அம்மாவுக்குப் பெரிதாகக் குமட்டவில்லை. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்து வீட்டில் தாளித்த வாசனை இன்னும் இருக்கிற மாதிரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்துக்கு எந்த கிளினிக் வரும்? என் கட்டைவிரல் வரும். வலது கையில் அந்தப் புள்ளியில் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துவேன், லேசாக வலிக்கிற அளவுக்கு. மூச்சு நிதானமாகும், ஒரு வாய் மோர் இறங்கும். இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்ததால் அந்தக் கையைத் தொடவில்லை. மூன்றாவது கீமோ சுற்றில் நான் தூங்கிவிட்டால் என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொள்வார்.

ஆராய்ச்சி முழுக்க என் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த காக்ரேன் தொகுப்பில், முதல் நாள் வாந்திக்கு நன்றாக வேலை செய்தது மின்சாரம் பாய்ச்சும் ஊசி. அழுத்தம் முதல் நாள் குமட்டலைத்தான் குறைத்தது. அடுத்த வருஷம் வந்த ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்த பெண்களுக்கு விரல் அழுத்தத்தால் பிந்தி வரும் குமட்டலும் குறைந்தது. நாங்கள் மின்சார ஊசி போட்டுப் பார்க்கவில்லை. சாதா ஊசியே இரண்டு தடவைதான். அதனால் ஊசி உதவாது என்று நான் சொல்ல மாட்டேன்.

கீமோ ஏற்றும் இடத்திலேயே ஊசியும் போடுவார்கள் என்றால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் டாக்டரிடம் அன்றைய ரத்தப் பரிசோதனையைக் காட்டுங்கள்: வெள்ளணுவோ தட்டணுவோ (பிளேட்லெட்) இறங்கியிருந்தால் ஊசி வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு வரும் ராத்திரிகளுக்கு, அந்தப் புள்ளியைப் பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.