ஃபோல்டர் ஐகான் மாத்தறேன்னு 1,850 ரூபாய் பிடுங்கிட்டாங்க, வடசென்னைக்காரங்க கவனிங்க

நேத்து ராத்திரிதான் முழுசா புரிஞ்சது, கோபம் அடங்கறதுக்குள்ள எழுதறேன். தண்டையார்பேட்டையில ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. என் டிடிபி (அச்சுக்கு டிசைன் பண்ற) சிஸ்டத்துல பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பேனர்னு நூத்துக்கணக்கான ஃபோல்டர், எல்லாமே ஒரே மஞ்சள். வகைக்கு ஒரு கலர் வேணும்னு கேட்டேன். 1,850 ரூபாய், ஜிபேல அனுப்பினேன், பில் கிடையாது.

நம்பினது எங்கேன்னா, ஐகான் மாத்தறதுக்குன்னு கடைப் பையன் ஒரு சாஃப்ட்வேர் போட்டான். அதோட அபவுட் பக்கத்தைத் திறந்து, "ரிஜிஸ்டர்டுன்னு போட்டிருக்கு பாருங்கக்கா, லைஃப்டைம்"னு காட்டினான். அதுக்குக் கீழேயே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேர் இருந்தது. நமக்குன்னு வாங்கின லைசென்ஸா இருந்தா நம்ம பேரோ மெயிலோ இருக்கணும். அது கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைச்ச திருட்டு காப்பி. விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் அதைத் தடுக்கக் கூடாதுன்னு, எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஸ்கேன் பண்ண வேண்டாம்கற லிஸ்ட்ல, சி டிரைவ் முழுசையும் சேர்த்திருக்கான். இனிமே அந்த டிரைவ்ல எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபென்டர் கண்டுக்காது. பேங்க் வேலை பார்க்கற சிஸ்டம் அது!

பத்தாம் நாள் ஃபோல்டர் எல்லாம் மறுபடி மஞ்சள், ஷார்ட்கட் எல்லாம் வெள்ளைத் தாள். ஃபோல்டருக்கு ஐகான் மாத்தினா உள்ளே டெஸ்க்டாப்.ஐஎன்ஐனு ஒரு ஹிட்டன் ஃபைல் உருவாகும். அதுல ஐகான் இருக்கற பாதை மட்டும்தான் எழுதியிருக்கும், படம் இருக்காது. இவன் படங்களை தற்காலிக ஃபைல் இருக்கற டெம்ப் ஃபோல்டர்ல விட்டுட்டான். தானா குப்பையைக் கூட்டற விண்டோஸோட ஸ்டோரேஜ் சென்ஸ் டெம்ப்பைக் காலி பண்ணிடுச்சு, பாதை அறுந்துடுச்சு.

போன் பண்ணினா, "அப்டேட் ஆயிருக்கும்க்கா, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." மறுநாள், "போட்ட பையன் ஊருக்குப் போயிருக்கான்." நேர்ல போய் நின்னா, "ஃபார்மட் அடிச்சுடலாம், 600 ஆகும்." அறுந்த பாதைக்கு எதுக்கு ஃபார்மட்? 1,850 வாங்கினது போதாதா?

இத்தனைக்கும் இது காசில்லாம ஆகற வேலை. டி டிரைவ்ல ஐகானுக்குன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதை அப்புறம் நகர்த்தாதீங்க. ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான், பிரவுஸ். ஃபைல் .ஐசிஓ வகையா இருக்கணும், 16, 32, 48, 256 நாலு அளவும் உள்ளே இருந்தா மங்காது. ஜேபெக் பேரை மாத்தி வெச்சா எடுக்காது. ஜிம்ப்னு ஒரு இலவச பட எடிட்டர் இருக்கு, அதுல திறந்து ஐசிஓவா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. திஸ் பிசி, ரீசைக்கிள் பின் ஐகானுக்கு செட்டிங்ஸ்ல பர்சனலைசேஷன், தீம்ஸ், டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்குங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணணும்னு சொன்னா சிஸ்டத்தைத் தூக்கிட்டு வந்துடுங்க. விண்டோஸோட சிஸ்டம் ஃபைலையே மாத்தற சாஃப்ட்வேர் வேண்டாம், அடுத்த பெரிய அப்டேட்ல பழையபடி ஆயிடும். பில் இல்லாம பணம் அனுப்பாதீங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் புகார் சொல்லும்போது அது ஆதாரமா உதவும். ஏற்கெனவே இப்படிப் போட்டிருந்தா, விண்டோஸ் செக்யூரிட்டில எக்ஸ்க்ளூஷன்ஸைத் திறந்து இருக்கறதை நீக்கிட்டு ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்க. பேங்க் பாஸ்வேர்டை அந்த சிஸ்டத்துல இல்ல, போன்ல இருந்து இன்னைக்கே மாத்துங்க.