டட்சன் 240இசட்-க்கு அகல வீல்: 14-ஆ, 15-ஆ, 16-ஆ?

1970 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் டட்சன் 240இசட்-இன் நீண்ட மூக்குக்கும் 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கும் கம்பெனி கொடுத்தது நாலரை அங்குல அகலமுள்ள 14 அங்குல இரும்பு வீலும் 175 மி.மீ. அகல டயரும்தான். இன்று அந்தக் காரை வாங்குகிறவர்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். அதற்குப் பதில் எதை மாட்டுவது என்பதில் மூன்று கட்சி.

எல்லாரும் மட்கார்டு இடிக்குமா என்று வெளிப்பக்கம்தான் பார்க்கிறார்கள். இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கம். நான்கு சக்கரத்துக்கும் ஸ்ட்ரட்தான், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. ஸ்பிரிங்கைத் தாங்கும் அகலமான தட்டு டயரின் உள்தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. டயர் உயரமானாலும் உள்ளே தள்ளிப் போனாலும் முதலில் உரசுவது அந்தத் தட்டில். வெளியே தள்ளினால் மட்கார்டு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில்தான் விளையாட முடியும்.

முதல் வழி, 14க்கு 6 அலாய் (விட்டம் 14 அங்குலம், அகலம் 6), 195/70 டயர் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம்). எதையும் தட்டவோ வெட்டவோ தேவையில்லை. பழைய டயரின் உயரம் ஏறத்தாழ 636 மி.மீ., இது 629. ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. தோற்றமும் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் 14 அங்குலத்தில் இன்று நல்ல ரப்பர் கிடைப்பது அரிது. சாதாரண டயர்தான் போட முடியும் என்றால் வீலுக்குச் செலவழித்ததில் பாதி வீண்.

இரண்டாவது, 15க்கு 7, ஆஃப்செட் பூஜ்யம் (காரில் பொருந்தும் முகம் வீல் அகலத்தின் நட்டநடுவில்), 205/60 டயர். பனாஸ்போர்ட், வாட்டனாபே என்ற வீல் கம்பெனிகளின், இந்தக் காருக்கே பிறந்த மாதிரி வடிவங்கள் இந்த அளவில் உண்டு. உயரம் 627 மி.மீ. ஸ்பிரிங்கை மாற்றாமல் காரைத் தாழ்த்தாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் அப்படியே உட்காரும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: சுலபமாகக் கிடைக்கிறதே என்று 205/50 போட்டுவிடாதீர்கள். அதன் உயரம் 586 மி.மீ. மட்டுமே. முள் 100 காட்டும்போது உண்மையில் 92-இல்தான் போவீர்கள், மட்கார்டுக்குள் வெற்றிடமும் தெரியும்.

மூன்றாவது, 16க்கு 8, 225/50. உயரம் 631, கணக்கு சரி. பிடிப்பு அபாரம், டயர் வகைகளும் நிறைய. ஆனால் அதே ஆஃப்செட்டில் 7 அங்குல வீலைவிட இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. உள்ளே இடம் வேண்டுமானால் மெலிந்த ஸ்பிரிங் உள்ள காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் ஜோடி) போட வேண்டும். அதோடு காரும் தாழும், உடனே பின்பக்க மட்கார்டின் உள்மடிப்பை மடக்கித் தட்ட வேண்டும். பழைய பெயின்ட் அதில் விரிசல் விடலாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் பம்பருக்குக் கீழுள்ள தகட்டு ஓரத்தில் டயர் தேயவும் வாய்ப்புண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் இது. சக்கரத்தின் நடுக்கோடு வெளியே போகப் போகப் பார்க்கிங்கில் கை வலிக்கும், பள்ளம் விழுந்த சாலையில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். டிராக்கில் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் நியாயமான விலை. ஞாயிறு காலை மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இல்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இந்தக் கார் மெல்ல வழுக்கித் தரும் சுகமே 225 டயரில் காணாமல் போகிறது.

1971-இல் ஜப்பானில் வந்த 240இசட்ஜி மாதிரி மட்கார்டுக்கு மேல் விரிப்பு மாட்டினால் இன்னும் அகலமாகப் போகலாமே என்பார்கள். அழகுதான். ஆனால் உள்ளே அசல் மட்கார்டை வெட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே துருப்பிடித்து வெட்டுப்பட்ட கார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நல்ல தகடு மிச்சமிருக்கும் காரில் வேண்டவே வேண்டாம்.

எதை வாங்கினாலும், கடைக்காரரிடம் ஒரு வீலை மட்டும் இரவல் கேளுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே முட்டும் வரை தூக்கி, இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் பணம் கொடுக்கலாம்.