டயாலிசிஸில் நீர் எடுக்கும் 2 வழிகள்

மட்டக்களப்பில் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது நான் முதலில் பார்ப்பது அவரது நிறையைத்தான். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கூடிய 2 கிலோ என்பது ஏறக்குறைய 2 லீற்றர் நீர். அதை மெசின் எப்படி அளந்து எடுக்கிறது?

பழைய முறை அழுத்தத்தை நம்பியது. வடிகட்டி எவ்வளவு நீரை விடும் என்று தாதி கணக்குப் போட்டு அழுத்தத்தை வைப்பார். நடுவில் வடிகட்டியின் மெல்லிய குழாய் இழைகளில் இரத்தம் உறைந்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

இப்போதைய முறையில், நெகிழும் சவ்வு பிரித்த அறைகளுக்குள் புதிய டயாலிசிஸ் திரவம் (வடிகட்டியில் இரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம்) எவ்வளவு வருகிறதோ அவ்வளவே பழையது வெளியேறும். எடுக்கவேண்டிய நீரை மட்டும் தனிப் பம்ப் இழுக்கும். இந்தச் சமநிலை ஏன் முக்கியம்? இந்தத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் ஓடினால் 4 மணித்தியாலத்தில் 120 லீற்றர். நூற்றுக்கு 1 பங்கு பிழைத்தாலே 1.2 லீற்றர்! உடம்பிலிருந்து நீர் கூடப் போனால் இரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். குறைந்தால் மூச்சு முட்டும். எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவது முறைதான். நீரை வேகமாக விடும் ஹைஃப்ளக்ஸ் வடிகட்டிக்கு அது கட்டாயமும்கூட.

ஆனால் எவ்வளவு எடுப்பது என்ற இலக்கைக் கொடுப்பது மனிதர்தான். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள்.